பல் திருடும் ஊரும் பல் விற்கும் ஊரும்

"பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல படம் ஒன்று சொல்லேன்" என்று உறவினர் யாராவது கேட்டால் நான் சொல்லும் பெயர் 'எர்னெஸ்ட் எ செலஸ்தின்'. 2012இல் வந்த பிரெஞ்சு அனிமேஷன் படம். என்ன கதை என்று அடுத்த கேள்வி வரும். "ஒரு கரடிக்கும் ஒரு சுண்டெலிக்கும் நட்பு" என்பேன். கேட்டவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சேராத இரண்டு விலங்குகள் சேர்ந்து, பிரிந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் கட்டிப்பிடித்துக்கொள்ளும் படங்கள் அத்தனை வந்துவிட்டன. எனவே நட்பைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பல்லிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் படத்தின் சூட்சுமம் பல்லில்தான் இருக்கிறது.

மேலே கரடிகளின் ஊர். கடை, போலீஸ், நீதிமன்றம், குடும்பம், கோட்டு, தொப்பி எல்லாம் உண்டு. தரைக்குக் கீழே எலிகளின் ஊர். அதிலும் இவை அத்தனையும் உண்டு. எலிகளின் நாகரிகம் முழுவதும் முன்பற்களை நம்பியிருக்கிறது. கொறித்துத்தான் அவர்கள் ஊரையே கட்டியிருக்கிறார்கள். பல் போன எலிக்கு வாழ்வு இல்லை. அதனால் இளம் எலிகள் பல் மருத்துவம் பயில வேண்டும். இரவில் மேலே ஏறிப்போய், கரடிக் குட்டிகளுக்கு விழுந்த பால்பற்களை எடுத்துவர வேண்டும். கரடியின் பால்பல் எலிக்கு மாற்றுப்பல். (உண்மையில் எலியின் வெட்டுப்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது, தேய்ப்பதற்காகவே அது எதையாவது கொறிக்கிறது. உயிரியல் ஆசிரியர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம்.)

மேலே உள்ள கரடிகளுக்கும் பல் ஒரு வியாபாரம்தான். தெருவின் ஒரு பக்கம் கணவர் மிட்டாய்க்கடை வைத்திருக்கிறார். எதிர்ப்பக்கம் மனைவி மாற்றுப்பல் விற்கிறார். இந்தப் பக்கம் பல்லைச் சொத்தையாக்கி அந்தப் பக்கம் அனுப்பிவைப்பது குடும்பத் தொழில். எண்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரு குழந்தைப் படத்தில் இத்தனை கச்சிதமான பொருளாதாரப் பாடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் கண்டால் அலறும் இரண்டு ஊர்கள். கீழூர் மேலூரின் பல்லில்தான் ஓடுகிறது.

பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு இந்தப் பல் விவகாரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். இரவில் ஒரு குட்டி எலி வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்பது நம்பிக்கை. அந்த எலிக்கு எதற்கு அத்தனை பல் என்று யாரும் கேட்டிராத கேள்விக்குத் திரைக்கதை பதில் சொல்கிறது. நம் பக்கத்தில் பல்லைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிவோம். முத்தியால்பேட்டையில் அக்கா மகளோடு இந்தப் படத்தைப் பார்த்தபோது அவளுக்கு மேல்வரிசை முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. எலி தலையணைக்கு அடியில் கைவிடும் காட்சியில் திகைத்துப்போய், "மாமா, அது திருட்டா, வியாபாரமா?" என்று கேட்டாள். படத்தை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டிய கேள்வி. நான் நிறுத்தவில்லை.

அன்று பக்கத்து வீட்டு ஆயாவும் வந்திருந்தார். கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா வீடு. பிள்ளைகள் பிரான்சில், ஆயா இங்கே, பென்ஷன் அங்கிருந்து. புதுச்சேரியில் இப்படிப்பட்ட வீடுகள் இல்லாத தெரு குறைவு. "என் மகனுக்கு நான் சாணியில் வைத்து எறிந்தேன் தம்பி. அவன் பிள்ளைக்கு அங்கே எலி வருகிறது, இரண்டு யூரோ வைக்கிறது" என்றார் ஆயா. ஒரு குடும்பத்துக்குள்ளேயே கூரையிலிருந்து தலையணைக்குப் பல் இடம்பெயர்ந்துவிட்டது.

நாங்கள் பார்த்த பிரதியில் தமிழ் கிடையாது. மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படித்த தலைமுறை நான். வினைச்சொல் அட்டவணைகள் நினைவிருக்கும், கடைக்காரர் வேகமாகப் பேசினால் பாதி போய்விடும். ஆனாலும் ஒரு பக்கம் வசனம், ஒரு பக்கம் என் தமிழ் என்று கதாகாலட்சேபம் போல ஓட்டினேன். விட்ட இடங்களை ஆயா நிரப்பினார். அவருடைய பிரெஞ்சு இலக்கணம் பார்க்காது. ஆனால் கரடி திட்டினால் எப்படித் திட்டுகிறது என்று சரியாகச் சொல்லிவிடும்.

கதை இதுதான். செலஸ்தின் எலிகளின் அநாதை விடுதியில் வளரும் பெண். விடுதியைக் கவனிக்கும் சாம்பல்நிறக் கிழவி தினமும் இரவில் பொல்லாத பெருங்கரடியின் கதையைச் சொல்லிப் பிள்ளைகளை நடுங்க வைப்பாள். செலஸ்தினுக்குப் பயத்தைவிடச் சந்தேகம் அதிகம். பல் மருத்துவம் பிடிக்கவில்லை. படம் வரையப் பிடிக்கும். கரடியும் எலியும் ஒன்றாக இருப்பதாக வரைந்து திட்டு வாங்குகிறாள். எர்னெஸ்ட் குளிர்காலத் தூக்கத்திலிருந்து பசியோடு எழுந்த கரடி. வாத்தியங்களைச் சுமந்து தெருவில் பாடிப் பிழைக்கப் பார்ப்பவன். நீதிபதிகள் குடும்பத்திலிருந்து தவறி வந்த கலைஞன். குப்பைத்தொட்டியில் மாட்டிக்கொண்ட எலியைக் கண்டதும் அவன் செய்யும் முதல் காரியம் அதை விழுங்கப் பார்ப்பது.

அவள் கெஞ்சவில்லை. என்னைத் தின்றால் உனக்கு எத்தனை நேரம் பசி தாங்கும் என்ற கணக்கில் பேசி, மிட்டாய்க்கடையின் நிலவறைக்கு வழிகாட்டுகிறாள். பிறகு அவன் போலீசில் மாட்டுகிறான். ஐம்பது பற்கள் கொண்டுவந்தால்தான் ஆயிற்று என்று அவளுக்கு மேலிடத்து உத்தரவு. அவனை விடுவிக்கிறேன், பல்கடையை உடைக்க நீ உதவு என்று இன்னொரு பேரம். பஞ்சதந்திரத்தில் எலியிடம் நட்புக் கேட்டு வரும் காகத்தை எலி முதலில் விரட்டிவிடும்: நீ தின்பவன், நான் இரை, நமக்குள் என்ன நட்பு? காகம் பட்டினி கிடப்பேன் என்றெல்லாம் உருகிப் பேசித்தான் அந்த எலியை வசப்படுத்தும். இங்கே உருக்கமே இல்லை. இரண்டு பேரம், இரண்டும் சட்டவிரோதம். அதனால்தான் நம்ப முடிகிறது.

இருவரும் இரண்டு ஊர் போலீசுக்கும் தப்பி, மிட்டாய்க்காரரின் வண்டியைத் திருடிக்கொண்டு எர்னெஸ்டின் மலைவீட்டுக்குப் போகிறார்கள். வண்டி கண்ணில் படாமலிருக்க அதன்மேல் மரமும் பின்னணியும் வரைந்துவிடுகிறாள் செலஸ்தின். அதன்பிறகுதான் நான் மிகவும் மதிக்கும் காட்சி வருகிறது. எர்னெஸ்ட் அவளை உள்ளே விட மாட்டேன் என்கிறான். ஒருவழியாக விட்டால், எலியின் இடம் கீழே என்று நிலவறையைக் காட்டுகிறான். ஊரைவிட்டு ஓடிவந்தவன் ஊரின் அமைப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். தான் ஊர்க்காரர்களைப் போன்றவன் இல்லை என்றுதான் அவன் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பான். காலம்காலமாக மேலே இருந்த உடம்பு தானாகவே கீழே கை காட்டுகிறது.

இதைப் புதுச்சேரியில் உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும். எங்கள் ஊரைப் பெரிய வாய்க்கால் இரண்டாக வெட்டியிருக்கிறது. கடல் பக்கம் வெள்ளைக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. பழைய வரைபடங்களில் வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்து வீடுகள் உயர்ந்த மதிலும் பெரிய கதவும் வைத்துத் தெருவுக்கு முகம் கொடுக்காமல் நிற்கும். இந்தப் பக்கத்து வீடுகள் தாழ்வாரமும் திண்ணையும் போட்டுத் தெருவில் போகிறவனை உட்காரச் சொல்லும். ஆனால் ஊர் ஓடியது இரண்டு பக்கமும் சேர்ந்துதான். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பைப் பிரித்தால், துணி மூட்டையும் கடனும் கப்பலும் வாய்க்காலைத் தாண்டிப் போய்வந்துகொண்டே இருப்பதைப் பார்க்கலாம். அவருடைய மாளிகையில் கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம் பாணி. மேல்தளம் வெள்ளைத் தூண்களோடு பிரெஞ்சுப் பாணி. ஒரே வீட்டுக்குள் கீழூரும் மேலூரும். படத்தை எடுத்தவர்கள் புதுச்சேரியை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. எனக்கு மட்டும் அந்த நிலவறைக் கதவு திறக்கும்போதெல்லாம் வாய்க்கால் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இந்த இரண்டு ஊர்ப் பிரிவினை மூலக் கதைகளில் கிடையாது என்பது சுவாரசியமான சங்கதி. எர்னெஸ்டையும் செலஸ்தினையும் படைத்தவர் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த கப்ரியேல் வின்சான். மொனிக் மர்த்தான் என்பது இயற்பெயர். 1928இல் பிறந்து 2000இல் மறைந்த ஓவியர். 1981இல் தொடங்கி அவர் வெளியிட்ட படப்புத்தகங்களில் கரடியும் எலியும் முதலிலிருந்தே ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பகை இல்லை, போலீஸ் இல்லை. வறுமை மட்டும் உண்டு. கூரை ஒழுகுகிறது, சரிசெய்யக் காசில்லை, இருவரும் தெருவில் வாசித்துப் பாடிச் சம்பாதிக்கப் போகிறார்கள். செலஸ்தினின் பென்குவின் பொம்மை பனியில் தொலைந்துபோகிறது. கடையில் வாங்கிவந்த பொம்மைகள் எதுவும் அவளுக்கு ஆகவில்லை. அவளை வரைந்து காட்டச் சொல்லி எர்னெஸ்டே உட்கார்ந்து தைத்துக் கொடுக்கிறான். ஒரு புத்தகத்தின் கதையே அவ்வளவுதான். கார்த்திகை மழையில் ஓட்டு வீட்டில் வாளி வைத்துத் தூங்கியவர்கள் அந்தக் கூரைக் கதையைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

திரைக்கதை எழுதியவர் நாவலாசிரியர் தனியேல் பெனாக். ஒரே வீட்டில் சும்மா இருக்கும் இருவரை எப்படிச் சினிமாவாக்குவது? அவர்கள் அந்த வீட்டுக்கு வந்துசேர என்னவெல்லாம் தாண்டியிருப்பார்கள் என்று பின்னோக்கி யோசித்திருக்கிறார். செலஸ்தினைக் குழந்தையாக எர்னெஸ்ட் குப்பையில் கண்டெடுப்பதாக வின்சான் ஒரு புத்தகம் செய்திருக்கிறார். அந்தக் குப்பைத்தொட்டியைப் பெனாக் எடுத்துக்கொண்டு அதற்குள் பசியைப் போட்டுவிட்டார். மூலத்தின் மென்மை கெட்டுவிட்டது என்று புத்தகத்தை நேசிப்பவர்கள் வருந்தக்கூடும். எனக்கு இந்தக் கெடுதல் பிடித்திருக்கிறது.

மூன்று பேர் சேர்ந்து இயக்கிய படம். ஸ்தெஃபான் ஒபியே, வின்சான் பத்தார் இருவரும் பெல்ஜியத்தவர். பிளாஸ்டிக் பொம்மைகள் கத்திக்கொண்டு ஓடும் ஒரு கோமாளிப் படத்துக்காகப் பெயர் பெற்றவர்கள். மூன்றாமவர் பெஞ்சமின் ரெனே, அப்போது இளைஞர். துரத்தல் காட்சிகளில் முதல் இருவரின் கோமாளித்தனம் தெரிகிறது. போலீஸ்காரக் கரடிகள் ஒருவர்மேல் ஒருவர் விழும் இடத்தில் அக்கா மகள் சிரித்த சிரிப்பில் ஆடிக்கொண்டிருந்த பல் அன்றே விழுந்துவிடும் என்று நினைத்தேன்.

ஓவியம் முழுக்க நீர்வண்ணச் சாயல். கோடுகள் எல்லா இடத்திலும் மூடுவதில்லை. சட்டகத்தின் ஓரங்களில் வண்ணம் கரைந்து வெறும் தாளாகிவிடுகிறது. கரடியின் முதுகு எங்கே முடிந்து வெற்றிடம் எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் சொல்ல முடியாது. ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாக அசைத்துக் காட்டும் கணினிப் படங்களுக்குப் பழகிய கண்ணுக்கு முதல் ஐந்து நிமிடம் ஏதோ குறைவது போலிருக்கும். பிறகு அந்தக் குறை தேவைப்பட ஆரம்பிக்கும். குளிர்கால வீட்டில் அவன் வயலின் வாசிக்க அவள் வண்ணம் பூசும் காட்சியில் உருவங்கள் எல்லாம் போய்விடுகின்றன. இசை கோடாகி, கோடு புள்ளியாகி, பனி பச்சையாகிறது. வின்சான் கூர்த்துவா இசை. செல்லோ வாசிப்பவர் என்பது கேட்டால் தெரியும்.

அந்தக் குளிர்காலப் பகுதியில் கதையே நகர்வதில்லை. சமைக்கிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். இரவில் இருவருக்கும் கெட்ட கனவு வருகிறது. அவளுக்குக் கரடிக் கனவு. அவனுக்கு எலிகள் மொய்க்கும் கனவு. பகலில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்தான். சாம்பல்நிறக் கிழவி ஊட்டிய பயம் இத்தனை சீக்கிரம் இறங்கிவிடாது என்பதில் படம் பிடிவாதமாக இருக்கிறது.

நட்புக்குப் பழக்கமே தேவையில்லை, ஒத்த உணர்ச்சி போதும் என்கிறது 785ஆம் குறள். உரைகாரர் அதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் காட்டுவார். ஒருவரை ஒருவர் பாராமலேயே உயிர்விடும் அளவுக்கு நட்பு. பள்ளியில் அதைப் படித்தபோதே எனக்கு உள்ளூர ஒரு முணுமுணுப்பு இருந்தது. தூரத்தில் இருப்பவரோடு உணர்ச்சி ஒத்துப்போவது அத்தனை கடினமா? பிசிராந்தையார் சோழன் அரண்மனையில் தங்கியிருந்து அவன் குறட்டையைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புறநானூறு சொல்லவில்லை. எர்னெஸ்டும் செலஸ்தினும் அந்தக் குறளுக்கு நேர் எதிரான இடத்தில் இருக்கிறார்கள். உணர்ச்சி ஒத்துப்போக எந்த நியாயமும் இல்லாத இருவர், ஒரு குளிர்காலம் முழுக்கப் பழகியே ஆக வேண்டிய கட்டாயத்தில் நண்பர்களாகிறார்கள். வள்ளுவரை மறுக்கும் தெம்பு எனக்கில்லை. ஆனால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டாம் வகை நட்புதான் அதிகம் வாய்க்கும் என்று படுகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இளவேனில் வந்ததும் இருவரும் பிடிபடுகிறார்கள். எலி கரடிகளின் நீதிமன்றத்தில், கரடி எலிகளின் நீதிமன்றத்தில். இரண்டு விசாரணையும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. இரண்டிலும் ஒரே நேரத்தில் தீப்பிடிக்கிறது. கூட்டம் ஓடிவிடுகிறது; குற்றவாளி நீதிபதியைக் காப்பாற்றுகிறார்; இரண்டு நீதிபதிகளும் கேட்ட வரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதுவரை பேரமும் பசியுமாக வந்த படம் இங்கே திடீரென்று வீரச்செயலில் கடனை அடைக்கப் பார்க்கிறது. உயிரைக் காப்பாற்றினால்தான் எலியும் கரடியும் ஒரே வீட்டில் இருக்கலாமா? காப்பாற்ற நீதிபதி கிடைக்காதவர்கள் என்ன செய்வது?

2014 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் இந்தப் படம் 'ஃப்ரோஸன்' படத்திடம் தோற்றது. அதே வரிசையில் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' படமும் தோற்றது என்பதால் துக்கத்துக்குத் துணை உண்டு. பிரான்சின் செசார் விருது முந்தைய ஆண்டே கிடைத்திருந்தது. பனி ராணியின் நீலப் பாவாடை எங்கள் நேரு வீதிக் கடைகள்வரை வந்து தொங்கியது. எர்னெஸ்டின் கந்தல் கோட்டை யார் வாங்குவார்கள்? பொம்மையாக விற்க முடியாத படத்தைப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. பிள்ளைகள் கேட்காததைப் பெரியவர்கள் தேடுவதில்லை.

ஆங்கிலக் குரல்களோடும் ஒரு பதிப்பு இருக்கிறது. ஃபாரஸ்ட் விட்டேகர் கரடி. சாம்பல்நிறக் கிழவிக்கு லாரன் பக்கால், அவர் மறைந்தது 2014 ஆகஸ்டில். பக்காலின் கரகரத்த குரலுக்காக ஒருமுறை கேட்கலாம். மற்றபடி பிரெஞ்சிலேயே பாருங்கள். எர்னெஸ்டுக்குக் குரல் கொடுத்த லாம்பேர் வில்சானை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கலாம்: 'மேட்ரிக்ஸ்' இரண்டாம் பாகத்தில் உணவகத்தில் உட்கார்ந்து பிரெஞ்சில் வசைபாடுவதைப் பட்டுத்துணிக்கு ஒப்பிடும் பெரிய மனிதர் அவர்தான். இங்கே அதே குரல் பசித்த கரடியாக உறுமுகிறது, முனகுகிறது, தேனுக்காக அசடு வழிகிறது. 2022இல் இரண்டாம் பாகம் ஒன்றும் வந்தது. எர்னெஸ்டின் சொந்த ஊரில் இசைக்குத் தடை என்பது கதை. நல்ல படம்தான், ஆனால் ஊரின் கெடுதலுக்குச் சட்டம் ஒன்று காரணமாகிவிடுவதால் சட்டத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. முதல் படத்தில் அப்படிக் கைகாட்ட ஒரு சட்டம் கிடையாது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பார்க்கலாம். கனவுக் காட்சியின்போது பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

முடிந்தபிறகு ஆயாவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில் இருவரும் சேர்ந்து வாழ அனுமதி கிடைக்கிறது. தங்கள் கதையைப் புத்தகமாக வரைய உட்காருகிறார்கள். இரண்டு ஊர்களும் அப்படியேதான் இருக்கின்றன. எலிகளுக்கு இன்னும் பல் வேண்டும், மிட்டாய்க்கடைக்கு எதிரே பல்கடை இன்னும் திறந்திருக்கும். அது ஆயாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டாமா என்றார். இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்ததால் ஊரே திருந்தியது என்று சொல்லாமல் விட்டதுதான் படத்தின் நேர்மை என்று நான் வாதாடினேன்.

"அதெல்லாம் சரி தம்பி" என்றார் ஆயா. "அந்த அம்மாள் கடையில் வாரிக்கொண்டு போனார்களே அத்தனை பல், அதற்கு யார் காசு கொடுத்தார்கள்?"